சுவரோடு ஒதுங்கும் கட்டில்

இல்லமும் கைவேலையும்

ஸ்ரீராமபுரத்திலிருந்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு மடல் ஒன்று விடுத்துள்ளார். அவர் வினவியிருப்பது நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றுக்கும் உரிய வினாவாதலின், இத்திங்கள் அதனையே பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்பருடைய இல்லம் பத்தடிக்குப் பத்தடி அளவுள்ள ஒரு கூடமும் ஒரு சமையற்கட்டும் கொண்டது. கன்னடத்தில் வடாரம் என்றும், நாம் ஒண்டுக்குடித்தனம் என்றும் வழங்கும் வரிசை வீடுகளுள் அஃது ஒன்று. அவருடைய தகப்பனார் கோலார் தங்கவயலில் நெடுங்காலம் சுரங்கத் தொழில் செய்தவர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பின்னரும் தம் வரிசை வீட்டை விட்டு வர மனமின்றி அங்கேயே இருந்தவர், துணைவியார் மறைந்த பின்னர் மகனிடம் வந்து சேர்ந்திருக்கிறார். முழங்கால் நோயினால் அவரால் தரையிற் படுத்தெழ இயலவில்லை. கட்டில் ஒன்று வாங்கிப் போட்டாலோ, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி மேசை போட இடமில்லை. ஐந்து வயதுப் பேரன் ஓடியாட இடமில்லை. "என்னால் உங்களுக்கு இடைஞ்சல், நான் தங்கவயலுக்கே போய்விடுகிறேன்" என்று பெரியவர் சொல்லத் தொடங்கிவிட்டாராம்.

அன்பர் கேட்பவை இரண்டு. பகலில் சுவரோடு மடித்து நிறுத்தத்தக்க கட்டிலை வீட்டிலேயே செய்துகொள்ள இயலுமா? வாடகை வீட்டுச் சுவர் அதனைத் தாங்குமா?

முதல் வினாவுக்கு, இயலும் என்பதே விடை. இரண்டாம் வினாவுக்கு, தாங்கும் பொறுப்பைச் சுவரிடம் ஒப்படைக்கலாகாது என்பது விடை. இவ்விரண்டுடன் மூன்றாவது வினா ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். அக்கட்டிலைப் பெரியவர் பிறர் துணையின்றித் தம் கையாலேயே இறக்கவும் ஏற்றவும் இயலுமா? இயலாதெனின், ஒவ்வொரு முறையும் படுக்க வேண்டுமென்று பிறரைக் கேட்டு நிற்கும் நிலை அவருக்கு நேரும். அந்நிலைக்கு அவர் தங்கவயலே மேலென்று எண்ணுவார். ஆகவே இக்கட்டிலின் அளவு, எடை, அமைப்பு ஆகிய யாவற்றையும் அவருடைய கையின் வலிமையைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

முன்னோர் செய்த முயற்சிகள்

இடநெருக்கடி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் சிக்காகோ நகரில் மரச்சாமான் கடை நடத்திய சாரா கூட் என்னும் கறுப்பின மாது, பகலில் எழுதுமேசையாகவும் இரவிற் படுக்கையாகவும் மாறும் பெட்டிக் கட்டிலொன்றை ஆக்கி, 1885-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சான்பிரான்சிஸ்கோ நகரில் ஓரறைக் குடியிருப்பில் வாழ்ந்த வில்லியம் மர்ஃபி என்பவர் சுவரோடு நிமிர்ந்து மறையும் கட்டிலை அமைத்து விற்கலானார். அவர் பெயராலேயே அவ்வகைக் கட்டில் அந்நாட்டில் 'மர்ஃபி கட்டில்' எனப்படுகிறது. அப்பெயர் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டதென்று 1989-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 1916-இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் ஊமைப்படம் ஒன்றில், மடக்குக் கட்டிலொடு அவர் படும் பாட்டைக் கண்டு சிரியாதவர் இரார்.

ஆயினும் இத்தகைய கட்டிலில் சிரிப்புக்கு இடமில்லாத பகுதியும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் சுவர்க்கட்டில்கள் ஏறத்தாழ 1,29,000 திரும்பப் பெறப்பட்டன. செவ்வையாகப் பொருத்தப்படாதவிடத்து அவை சுவரிலிருந்து கழன்று மேலே விழக்கூடும் என்பதே காரணம். அவ்வாறு விழுந்த கட்டிலொன்றினால் 79 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்ததாகவும் அவ்வறிவிப்பிற் கூறப்பட்டிருந்தது. முதியவர்க்கென்று கட்டில் செய்யப் புகும் நாம் இதனை மனத்திற் கொண்டே உளியைக் கையில் எடுத்தல் வேண்டும்.

இரயில் வண்டி கற்பிக்கும் பாடம்

மடக்குக் கட்டிலைக் காண நாம் அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து இரவு வண்டியில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அதில் உறங்கியிருப்பர். மூன்றடுக்குத் தூங்கும் பெட்டியின் நடுப்படுக்கையே அது. பகலில் கீழிருக்கைக்குச் சாய்மானமாகத் தொங்கும் பலகை, இரவில் தூக்கப்பட்டு இரு சங்கிலிகளில் மாட்டப்படுகிறது. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பண்டித நேரு அவர்களால் தொடங்கிவைக்கப்பெற்ற பெரம்பூர்ப் பெட்டித் தொழிற்சாலையிலிருந்து இத்தகைய பெட்டிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்துள்ளன.

இதனைக் கண்ட சிலர், வீட்டிலும் பலகை ஒன்றைச் சுவரிற் கீல் வைத்துப் பொருத்தி, இரு சங்கிலிகளால் தொங்கவிடலாமென்று கருதுவர். அது பெரும் பிழை. இரயிற் பெட்டியில் சங்கிலி மாட்டப்பட்டிருப்பது எஃகுச் சட்டத்தில். நம் வீட்டில் அது மாட்டப்படுவது காரைச் சுவரில். கணக்கைப் பாருங்கள். 75 கிலோ எடையுள்ள ஒருவர் கட்டிலின் வெளிவிளிம்பில் அமர்கிறார். சங்கிலிகள் சுவரை நோக்கி 45 பாகைக் கோணத்தில் செல்கின்றன. அப்போது இரு சங்கிலிகளிலும் சேர்ந்து ஏறத்தாழ 106 கிலோ இழுவிசை உண்டாகும். அதில் 75 கிலோ விசை சுவரிலிருந்து ஆணியை நேரே வெளியே பிடுங்கும் திசையில் இருக்கும். பெங்களூரில் மாடியின்மேல் மாடியாகக் கட்டப்படும் வாடகை வீடுகளில் அறைகளுக்கு இடைச்சுவராக நிற்பது பெரும்பாலும் நான்கங்குலச் சிமெண்டுக் கல். பழைய ஓட்டு வீடுகளிலோ மண்சாந்தில் கட்டிய செங்கற்சுவர். இவ்விரண்டும் இரவுதோறும் அவ்விழுப்பைத் தாங்குமென்று நம்பி ஒரு பெரியவரை உறங்கவைத்தல் தகாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. வண்டியின் நடுப்படுக்கை பயன்படும் நேரத்தில் மேலே நிற்கிறது. பிடி நழுவினால் கீழே உறங்குபவர் மேல் விழும். 2024 ஜூன் மாதத்தில் எரணாகுளத்திலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் சென்ற மில்லெனியம் விரைவு வண்டியில், மேலிருந்த படுக்கை விழுந்து கீழே இருந்த பயணி ஒருவர் உயிர் துறந்தார். சங்கிலி சரிவர மாட்டப்படாமையே காரணமென்று இரயில்வே அமைச்சகம் விளக்கம் அளித்தது. வீட்டுச் சுவர்க்கட்டிலோ பயன்படாத நேரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. பிடி நழுவினால் பகலில் தரையில் விளையாடும் குழந்தை மேல் விழும். ஆதலின் இரவுக்கு உறுதியான கால்களும், பகலுக்கு உறுதியான பூட்டும் வேண்டும்.

நிலைச்சட்டம்

நாம் செய்யப்போகும் கட்டில் தலைமாட்டில் மடங்குவதன்று, நீளவாட்டில் மடங்குவது. ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. மடித்தபோது இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தோடு நின்றுவிடுமாதலின், அதற்கு மேலுள்ள சுவரில் மாட வேண்டிய படம், கடிகாரம், புத்தகப் பலகை யாவும் இருந்தபடியே இருக்கலாம்.

முதலில் சுவரையொட்டித் தரையில் ஊன்றி நிற்கும் நிலைச்சட்டம் ஒன்று அமைத்தல் வேண்டும். மூன்றுக்கு இரண்டங்குலக் கனமுள்ள ஐந்தடி உயரக் கம்பங்கள் இரண்டு. அவற்றை மேலே இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று. கீழே 7 அங்குல அகலமும் 2 அங்குலக் கனமும் உள்ள சாரப்பலகை ஒன்று. கட்டில் இரு கம்பங்களுக்கும் இடையே மடங்க வேண்டுமாதலின், இவற்றின் நீளம் ஆறடி நான்கங்குலம் இருக்கட்டும். சாரப்பலகையின் மேற்புறம் தரையிலிருந்து 13 அங்குல உயரத்தில் இருத்தல் வேண்டும். அதன் கீழே இரு முனையிலும் நடுவிலுமாக மூன்று முட்டுக்கட்டைகள் தரையில் ஊன்றட்டும். தினமும் தரை கழுவும் வீடாகையால், மரத்தின் அடியில் நீர் ஏறாதபடி ஒவ்வொரு காலுக்கும் இரப்பர்த் துண்டு ஒன்றை அடித்து வைத்தல் நலம்.

இச்சட்டத்துக்கு வலிய மரம் வேண்டும். மைசூர்ச் சாலையை ஒட்டிய டிம்பர் யார்டுப் பகுதியில் மரம் வாங்கச் செல்லும் நம்மவர், கன்னடப் பெயர் அறியாது திகைப்பதுண்டு. மத்தி என்பது நம் கருமருது; ஹொன்னே என்பது வேங்கை; தேக என்பது தேக்கு; ஹலசு என்பது பலா; பேவு என்பது வேம்பு. நிலைச்சட்டத்துக்கு மத்தியோ ஹொன்னேயோ பொருந்தும். இவை கனத்த மரங்கள். ஓரிடத்தில் நிற்பவை கனமாயிருத்தல் நன்மையே.

படுக்கைச் சட்டம்

நாள்தோறும் தூக்கப்படும் பகுதியோ இலேசாயிருத்தல் வேண்டும். இதற்குச் சில்வர் ஓக் மரம் ஏற்றது. குடகு, சிக்கமகளூர்க் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் மரமாகையால் கருநாடகத்தில் எளிதிற் கிடைக்கும். பச்சை மரம் பின்னர் முறுக்கிக்கொள்ளுமாதலின், நன்கு உலர்ந்ததைப் பார்த்து வாங்குக. நீளச் சட்டம் இரண்டு, அகலச் சட்டம் இரண்டு, யாவும் 3 அங்குல உயரமும் 2 அங்குலக் கனமும் இருக்கட்டும். நடுவில் இரண்டுக்கு இரண்டங்குலத்தில் குறுக்குக் கட்டை ஒன்று, மேற்புறத்தினின்று சற்றுத் தாழ்த்திப் பொருத்துக. மூலைகளை வெறும் ஆணியால் இணைத்தலாகாது. ஒரு சட்டத்தில் துளை பொளிந்து, மற்றதன் முனையை நாக்காக இழைத்துச் சொருகி, மரப்பசையிட்டு இறுக்குதல் வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்த்த பின்னரே பசை உலரவிடுக.

மேலே ஒட்டுப்பலகை அடிப்பதா, நாடா பின்னுவதா என்னும் வினா எழும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, எட்டடிக்கு நாலடித் தகடு ஏறத்தாழ 33 கிலோ இருக்கும். நமக்கு வேண்டிய ஆறடிக்கு இரண்டரையடித் துண்டு மட்டும் 15 கிலோவை எட்டிவிடும். பருத்தி நாடாவோ மூன்று கிலோ அளவில் முடிந்துவிடும். காற்றும் புகும். எனவே நாடாவையே கொள்க. புதிய நாடா இரண்டு மூன்று திங்களில் தளருமாதலின், கால்மாட்டில் இழுத்துக் கட்டத்தக்க முடிச்சாக விடுதல் வேண்டும்.

இனிக் கீல். நான்கங்குலக் கீல்கள் மூன்று. கீலின் ஒரு மடல் சாரப்பலகையின் மேற்புறத்திலும், மற்றொரு மடல் கட்டிற் சட்டத்தின் சுவர்ப்பக்க முகத்திலும் அமையட்டும். கீலின் அச்சு சுவரிலிருந்து 5 அங்குலம் தள்ளி இருத்தல் வேண்டும். இவ்வாறு பொருத்தினால், கட்டில் இறங்கியபோதும் சரி, நிமிர்ந்தபோதும் சரி, அதன் எடை சாரப்பலகையின் மரத்தின் மேலேயே அமரும். திருகாணிகளின் மேல் அமராது. ஆணி ஓரிடத்தில் நிறுத்திவைக்க மட்டுமே. சுமப்பது மரமாகவே இருக்க வேண்டும்.

வெளிவிளிம்பில் 13 அங்குலக் கால்கள் இரண்டைக் கீல் வைத்துப் பொருத்தி, இரண்டையும் ஒரு குறுக்குக் கட்டையால் இணைக்க. கட்டிலை இறக்கும்போது அவை தம் எடையாலேயே தொங்கித் தரையை எட்டும்; நிமிர்த்தும்போது கட்டிலின் அடிப்புறத்தோடு படிந்துகொள்ளும். மடக்கு மேசைகளின் கால்களுக்குப் பொருத்தும், தானே பூட்டிக்கொள்ளும் இரும்புப் பிடி இரும்புச் சாமான் கடைகளில் கிடைக்கும். அதனை ஒரு காலுக்கு இட்டால், காலடியால் மெல்லத் தள்ளியதும் பூட்டிக்கொள்ளும். விரலால் அழுத்தினால் விடும். இதனைப் பூட்டாமல் எவரும் அமரலாகாது.

இவ்வாறு அமைத்தால் நாடாவின் மேற்புறம் தரையிலிருந்து 16 அங்குலம். அதன்மேல் இரண்டங்குல இலவம்பஞ்சு மெத்தை இட்டால் 18 அங்குலம். நாற்காலியின் உயரம் அது. முழங்கால் நோயுள்ளவர் எழுந்து நிற்க, தாழ்ந்த கட்டிலினும் இவ்வுயரமே உதவும்.

பெரியவரின் கைக்கேற்ற எடை

மேற்கூறிய அளவில் படுக்கைச் சட்டமும் நாடாவும் கால்களும் சேர்ந்து ஏறத்தாழ 18 கிலோ ஆகும். ஒரு விளிம்பு கீலில் நிற்பதால், மறுவிளிம்பைத் தூக்குபவர் கைக்கு வருவது பாதிக்குச் சற்று மிகுதி. 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இளைஞர்க்கு இஃது ஒரு பொருட்டன்று. முதியவர்க்கோ குனிந்து தூக்க அது மிகை.

அவருடைய வலிமையை அறிய எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை உடையது. வாளியில் ஐந்து லிட்டர் நீர் ஊற்றி, முழங்கால் உயரமுள்ள முக்காலியின் மேல் வைத்து, அதனை அவர் வருத்தமின்றித் தூக்குகிறாரா என்று பாருங்கள். தூக்கினால் ஐந்து கிலோ நமக்கு எல்லை. இல்லையெனில் நான்கு, மூன்று என்று குறைத்துக்கொண்டு வருக. அந்த எண் கிடைத்த பின்னரே மேலே செல்க.

எஞ்சிய எடையை ஈடு செய்ய எதிர்ப்பளு வைத்தல் வேண்டும். எங்கள் இலாகாவில் இரயில்வே கேட்டின் நீண்ட தடியை ஒரு கேட்காரர் தனியாக ஏற்றி இறக்குவது, மறுமுனையில் உள்ள இரும்புப் பளுவின் துணையால்தான். நம் முன்னோரின் ஏற்றமும் அதே நுட்பம். கால்மாட்டுக் கம்பத்தின் உச்சியில் கிணற்றுக் கப்பி போன்ற சிறிய கப்பி ஒன்றைப் பொருத்தி, உறுதியான கயிற்றின் ஒரு முனையைக் கட்டிலின் வெளிமூலையிற் கட்டி, மறுமுனையில் மணல்மூட்டையைத் தொங்கவிடுக. கயிறு சாய்ந்து செல்வதால் மூட்டையின் எடை முழுதும் பயன் தாராது. 6 கிலோ மணல் வைத்தால் 5 கிலோ அளவுக்குத் தூக்கும். ஊருக்குப் போகும்போது மூட்டை நிறுக்கும் வில்தராசு இருக்குமானால், அதனை விளிம்பில் மாட்டி இழுத்துப் பார்த்து, முன்னர்க் கண்ட எண் வரும்வரை மணலைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் ஆளில்லாத கட்டில் தானே எழும்பும் அளவுக்கு மணல் சேர்க்கலாகாது. மூட்டை ஏறி இறங்கும் வழியை மரப்பலகைகளால் கூண்டாக அடைத்துவிடுதல் இன்றியமையாதது. குழந்தையின் கை அதனுள் புகலாகாது.

பகற்பூட்டு

நிமிர்ந்த கட்டிலுக்கு இரு வகைப் பூட்டு வேண்டும். இரு பக்கக் கம்பங்களுக்கும் ஒவ்வொரு தாழ்ப்பாள் என்பது முதல் வகை. நிமிர்ந்த கட்டிலின் உச்சி 43 அங்குல உயரத்தில் நிற்கும். ஐந்து வயதுக் குழந்தையின் கை அங்கே எளிதில் எட்டும். ஆதலின் மேற்குறுக்குச் சட்டத்தில், ஐந்தடி உயரத்தில், கொக்கி ஒன்று அமைத்துக் கட்டிலின் விளிம்பிலிருந்து சங்கிலி கொண்டு மாட்டுதல் வேண்டும். அவ்வுயரம் பெரியவர்க்கு எட்டும், பேரனுக்கு எட்டாது. இறக்கும்போது முதலிற் சங்கிலி, பின்னர்த் தாழ்ப்பாள்கள். ஏற்றும்போது முதலில் தாழ்ப்பாள்கள், பின்னர்ச் சங்கிலி. ஒரு வாரம் மகன் அருகில் நிற்க, பெரியவர் இவ்வரிசையைப் பழகிக்கொள்ளட்டும்.

சுவருக்குரிய வேலை

இப்போது சுவரின் வேலை மிகச் சிறியது. உறங்குபவரின் எடை முழுதும் கால்கள், முட்டுக்கட்டைகள் வழியாகத் தரைக்குப் போய்விடுகிறது. கட்டிலைப் பாதி இறக்கிய நிலையில் நிலைச்சட்டம் முன்னோக்கிச் சாயாமல் பிடித்துக்கொள்வது ஒன்றே சுவர் செய்ய வேண்டுவது. அதற்குரிய இழுவிசை, ஐந்தடி உயரத்தில், நான்கைந்து கிலோவே. பாதி இறங்கிய கட்டிலில் 25 கிலோ எடையுள்ள பிள்ளை தொங்கினாலும் 20 கிலோவைத் தாண்டாது. சங்கிலிக் கட்டிலின் 75 கிலோவோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். எனினும் 'சிறிதுதானே' என்று விட்டுவிடலாகாது. மேற்குறுக்குச் சட்டத்தை நான்கு ஆங்கர் போல்ட்டுகளால் சுவரோடு பிணைத்தே தீர வேண்டும். போல்ட்டு வெறும் பூச்சில் நில்லாமல் கல்லுக்குள் இறங்க வேண்டும்.

துளையிடுமுன் இரண்டு செய்திகள். ஒன்று, மின்விசைப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் சுவருக்குள் கம்பிக் குழாய் ஓடும், அவ்வழியில் துளையிடாதீர். மற்றொன்று, வீட்டுக்காரரின் இசைவு. பத்துத் திங்கள் வாடகையை முன்பணமாக அவரிடம் கொடுத்துவைத்திருக்கும் நாம், கேளாமல் துளையிட்டுவிட்டுப் பின்னர் வழக்காடுதல் நன்றன்று. நான்கே துளைகள் என்றும், வீட்டை விட்டுச் செல்கையில் அடைத்துப் பூசிக் கொடுப்போம் என்றும் முன்னரே சொல்லி, படத்தையும் வரைந்து காட்டினால், பெரும்பாலும் மறுக்கமாட்டார். நிலைச்சட்டம் சுவரோடு ஒட்டியதன்று. கழற்றி அடுத்த வீட்டுக்கும் எடுத்துச் செல்லத்தக்கது.

கிடைக்கும் இடமும் பராமரிப்பும்

நிலையான கட்டில் 30 அங்குல அகலத்தை என்றும் பிடித்துக்கொண்டிருக்கும். இது மடித்தபோது 7 அங்குலமே வெளியே நிற்கும். ஆகப் பகலில் நமக்கு மிஞ்சுவது ஆறடி நீளத்துக்கு 23 அங்குலம். பதினொன்றரைச் சதுர அடி. கேட்கச் சிறியதுதான். ஆயினும் ஒரு மேசையும், அதன்முன் நாற்காலி போட்டு அமர்ந்து படிக்கும் ஒரு பெண்ணும் அதற்குள் அடங்குவர்.

மெத்தையை மடித்த கட்டிலுக்குள் வைத்து மூடலாகாது. பெங்களூர் மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மூட்டைப்பூச்சிக்கும் அதுவே விருந்து. காலையில் மெத்தையைச் சுருட்டித் தனியே வைக்க. வாரம் ஒருமுறை வெயிலிற் போடுக. சட்டங்களை உப்புத்தாள் கொண்டு தேய்த்து வார்னிஷ் பூசினால் இடுக்குகள் அடைபடும். திங்களுக்கு ஒருமுறை திருகாணிகளையும் கயிற்றையும் பார்வையிடுக. கயிற்றில் ஓர் இழை அறுந்தாலும் மாற்றிவிடுக.

ஒரு வேண்டுகோள்

இரயில் வண்டியில் நடுப்படுக்கையை இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையே விரிக்கலாமென்று 2017-இல் இரயில்வே வாரியம் விதி செய்தது. அதற்கு முன்னர் 9 மணியிலிருந்து விரிக்கலாம். ஒருவரை ஒருவர் அறியாத பயணிகளுக்கு அத்தகைய விதி வேண்டும். வீட்டுக்கு வேண்டுவதில்லை. பெரியவர் நண்பகலில் சற்றே சாய விரும்பினால் கட்டில் இறங்க வேண்டும்; 'இப்போதுதானே மடித்தோம்' என்னும் முணுமுணுப்பு அவர் செவிக்கு எட்டலாகாது. இறக்கிய கட்டில் சுவரிலிருந்து 35 அங்குலம் வரை வரும். பத்தடி அறையில் எதிர்ப்புறம் ஏழடி மிஞ்சும். பேத்தியின் மேசையை அவ்வெதிர்ப்புறத்தில், சன்னலோரமாக முதலிலேயே அமைத்துவிட்டால், பெரியவர் உறங்கும்போதும் அவள் படிப்பு நிற்காது. பகலிற் கிடைத்த பதினொன்றரைச் சதுர அடியைப் பேரனுக்கு விட்டுவிடலாம்.

வேலை தொடங்குமுன் பெரியவரையும் கலந்துகொள்ளுமாறு அன்பரைக் கேட்டுக்கொள்கிறேன். சுரங்கத்துள் உழைத்தவர்க்கு முட்டுக் கொடுத்தல் இன்னதென்று நாம் சொல்லத் தேவையில்லை. நம் அளவுகளில் குறை இருந்தாலும் அவர் கண்டு சொல்லக்கூடும். நாடா பின்னும் வேலையை அவரிடமே விடலாம். அமர்ந்து செய்யும் வேலை அது; இரண்டு மூன்று நாட்களில் முடியும். சட்டம் இணைப்பதற்கு மட்டும் ஆசாரி ஒருவரை ஒருநாள் அழைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த திங்கள், இதே அளவுள்ள கூடத்துக்குப் பொருந்தும் மடக்குப் படிப்புமேசை குறித்து எழுதுவேன். மடல் விடுக்கும் அன்பர்கள் அறையின் நீள அகலத்தோடு, கதவு, சன்னல், மின்விசைப் பலகை ஆகியவை இருக்கும் இடங்களையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பினால் விடை எழுத எளிதாயிருக்கும்.